மகளை முனைவர் பட்டம் வரை படிக்க வைத்தது தப்பா?

பண்ருட்டியிலிருந்து, கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கி நான்கு வருடமாகிறது. அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகப் போய்வருகிறார், நிரந்தர வேலை இன்னும் அமையவில்லை. "பிஎச்.டி. முடித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்? உத்தரப் பிரதேசத்தில் பியூன் வேலைக்கே முனைவர்கள் விண்ணப்பம் போட்டார்களாமே, நிஜமா? நான் இவ்வளவு தூரம் படிக்க வைத்தது தப்பா?" என்று மூன்று கேள்வி. முதல் இரண்டும் கணக்குக் கேள்விகள். மூன்றாவதுதான் அவரைத் தூங்க விடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதல் இரண்டையும் ஒழுங்காகப் பார்த்தாக வேண்டும்.

நான் கடலூர் மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆறு பேருக்கு ஆய்வு நெறியாளராக இருந்தேன். தேர்வுக் குழுக்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பலருடைய கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன். ஆகவே கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றிச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பொறியியல், மருத்துவம் பக்கம் எனக்கு இருப்பது கேள்வி ஞானம்தான், அங்கே நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நூற்றுக்கு எத்தனை. இந்த விழுக்காட்டை யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். நம் நாட்டில் வேலையின்மையைக் கணக்கெடுப்பது மத்தியப் புள்ளியியல் துறை நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. அதன் அறிக்கைகளில் கல்வி வாரியாகப் பிரிக்கும்போது கடைசிப் படி "முதுகலை மற்றும் அதற்கு மேல்" என்பதோடு நின்றுவிடுகிறது. எம்.ஏ. முடித்த பையனும் பிஎச்.டி. முடித்த உங்கள் மகளும் அதில் ஒரே வரிசை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேலை என்று அந்தக் கணக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்பது. வருடக் கணக்கில், துணைத் தொழிலாக முப்பது நாள் வேலை செய்திருந்தாலே போதும், அவர் வேலையில் இருப்பவர். வாரக் கணக்கில், அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். இந்த ஒரு மணி நேரக் கணக்கு உலகம் முழுவதும் பின்பற்றும் முறைதான், ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முறைப்படி உங்கள் மகள் வேலையில் இருப்பவர். மாலையில் நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற முனைவரும் வேலையில் இருப்பவர்தான். ஊர் அவர்களை வேலையில்லாதவர் என்கிறது, அரசாங்கத்தின் கணக்கு வேலையில் இருப்பவர் என்கிறது. உங்கள் வேதனை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பதால்தான் எந்தப் புள்ளிவிவரத்திலும் அது தெரிவதில்லை.

உத்தரப் பிரதேசச் செய்தி நிஜம்தான். 2018இல் அங்கே காவல்துறையில் தபால் கொண்டுபோகும் பணிக்கு 62 இடங்கள், ஐந்தாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். 93,000 பேர் விண்ணப்பித்ததாகவும், அதில் 3,700 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள் என்றும் பத்திரிகைகள் எழுதின. இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதில்தான் நிதானம் வேண்டும். விண்ணப்பம் போட்டவர் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் என்று சொல்ல முடியாது. தனியார் கல்லூரியில் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டே, ஓய்வு வரை நிற்கிற ஒரு வேலை கிடைக்குமா என்று கை நீட்டியவர்களும் அதில் இருப்பார்கள். என்னிடம் படித்தவர்களே குரூப் நான்கு தேர்வு எழுதியிருக்கிறார்கள், கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டே. இவர்களுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது, அதில் நிலைதான் இல்லை.

சரி, உறுதியாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். கலை அறிவியலில் முனைவர் பட்டம் வாங்குகிறவர் நம் பக்கத்தில் மனதில் வைத்திருப்பது ஒரே ஒரு வாசல், அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணி. அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. அந்த வாசல் எத்தனை முறை திறந்தது என்று பாருங்கள். 2013இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,093 இடங்களுக்கு அறிவித்து நிரப்பியது. 2019இல் 2,300க்கு மேற்பட்ட இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, பிள்ளைகள் விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள், கடைசியில் அது ரத்தாகிவிட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று அறிவித்தார்கள், ஆகஸ்டில் நடக்க வேண்டிய எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது, பிறகு இடங்களின் எண்ணிக்கையும் மாறியது. 2013இல் பட்டம் வாங்கின ஒரு பெண்ணுக்கு அன்று முப்பது வயது என்று வையுங்கள். 2019 அறிவிப்பும் ரத்தாகி, அடுத்த முறை அந்தக் கதவு அசைந்தபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இதே காலத்தில் வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை என்ன ஆயிற்று? உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, 2014-15இல் நாடு முழுவதும் பிஎச்.டி. படித்துக்கொண்டிருந்தவர்கள் 1.17 லட்சம் பேர். 2021-22இல் அது 2.12 லட்சம். அதில் பெண்கள் மட்டும் கிட்டத்தட்ட ஒரு லட்சம், ஏழு வருடத்துக்கு முன் இருந்ததைப்போல இரு மடங்கு. பெண் பிள்ளைகள் இந்த அளவுக்கு ஆய்வுக்கு வந்ததைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்லி மாளாது. வந்தவர்களுக்கு உட்கார இடம் போடாமல் விட்டோமே என்பதுதான் பிறகு வந்த வருத்தம்.

ஏன் இப்படிப் பெருகியது என்றால், பிள்ளைகளுக்குப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். விதிகள் அவர்களை அந்தப் பக்கம் தள்ளின. பல்கலைக்கழக மானியக்குழு 2009இல் கொண்டுவந்த விதிப்படி, முறையாக முனைவர் பட்டம் பெற்றவருக்கு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு தேவையில்லை. நெட்டில் தேறாதவர்களுக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. 2018 விதியில், 2021 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியராகச் சேர முனைவர் பட்டம் கட்டாயம் என்று எழுதினார்கள். அதைக் கேட்டதும் எம்.ஃபில். முடித்து நெட் தேறியிருந்தவர்கள்கூட அவசர அவசரமாக ஆய்வில் சேர்ந்தார்கள். கெடுவை 2023க்குத் தள்ளினார்கள். அந்தக் கெடுவும் வந்தபோது விதியையே மாற்றி, நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இடையில் 2022இல் எம்.ஃபில். பட்டமே எடுக்கப்பட்டது. ஆக, ஒரு பிள்ளை ஆய்வில் சேரும்போது இருந்த விதி வேறு, ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்கும்போது இருந்த விதி வேறு. ஐந்து வருடம் எடுக்கிற ஒரு படிப்புக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை விதியை மாற்றினால் யார்தான் திட்டமிட முடியும்?

வேலைக்கு எடுக்கும் முறையும் அப்படியே மாறியது. 2013இல் எழுத்துத் தேர்வு கிடையாது. கற்பித்த அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண் வீதம் அதிகபட்சம் 15, முனைவர் பட்டத்துக்கு 9, நேர்காணலுக்கு 10. அதனால் அன்று எல்லாரும் அனுபவத்தைச் சேர்த்தார்கள், குறைந்த சம்பளமானாலும் பரவாயில்லை, வருடம் ஏறட்டும் என்று. ஏழரை வருடம் ஆனால் முழு மதிப்பெண். அப்படி வருடத்தைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் வாசலுக்கு வந்தபோது, இனி எழுத்துத் தேர்வுதான் முக்கியம் என்றார்கள். எழுத்துத் தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம், சிபாரிசு என்ற பேச்சுக்கு அது ஓரளவு முடிவு கட்டும், அந்த வகையில் வரவேற்கிறேன். ஆனால் நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பதினைந்து வருடத்துக்கு முன் படித்த உயிர்வேதியியலைத் திரும்பப் படித்து இருபத்தைந்து வயதுப் பெண்ணோடு போட்டி போடுவது எப்படிப்பட்ட பாடு என்று அனுபவிப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நம் மாவட்டத்துக்கு மட்டும் உள்ள இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரியைக் கொடுத்தது. தேவைக்கு மேல் ஆட்களை எடுத்து நிதி நெருக்கடியில் சிக்கி, 2013இல் அது தமிழக அரசின் கைக்கு வந்தது. உபரியாக இருந்த ஆசிரியர்களை மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளில் காலியாக இருந்த இடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களும் குடும்பஸ்தர்கள், அவர்களை நடுத்தெருவில் விடாதது நியாயம்தான். அதே சமயம், புதிதாகப் பட்டம் வாங்கி நின்றவர்களுக்குப் போக வேண்டிய நாற்காலிகளில் அப்படி ஒரு பகுதி நிரம்பியது என்பதும் உண்மை. எத்தனை நாற்காலி என்ற கணக்குக்குள் நான் போகவில்லை. என் துறையில் அப்படி வந்து சேர்ந்த சக ஆசிரியர்களோடு வேலை செய்தேன், நல்ல ஆசிரியர்கள். அதே துறையில் எட்டு வருடமாக கௌரவ விரிவுரையாளராக இருந்த பெண் அந்த இடத்துக்காகக் காத்திருந்ததையும் பார்த்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் "கௌரவ விரிவுரையாளர்" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. என்னிடம் ஆய்வு செய்தவர். ஊர் உங்கள் பண்ருட்டிக்குப் பக்கம்தான். மண்புழுக்களைப் பற்றிய ஆய்வு, வெளித் தேர்வாளர் இரண்டு பேரும் பாராட்டி எழுதினார்கள். தமிழ்நாட்டில் கௌரவ விரிவுரையாளருக்கு இப்போது மாதம் 25,000 ரூபாய், அவர் சேர்ந்த காலத்தில் அதில் பாதிகூட இல்லை. வருடத்தில் 11 மாதத்துக்குத்தான் சம்பளம், மே மாதத்துக்குக் கிடையாது. பல்கலைக்கழக மானியக்குழு 2019 ஜனவரியிலேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று வழிகாட்டியது. அந்தத் தொகை இவர்கள் கைக்கு வரவில்லை. மே மாதம் நம் பக்கத்தில் முந்திரிக் காலம். அவர் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற கூலி. சம்பளம் இல்லாத அந்த மாதத்தில் மகளும் அம்மாவோடு உட்கார்ந்துவிடுவார். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துப்போகும். ஜூனில் கல்லூரி திறந்து அவர் கரும்பலகையில் எழுதும்போது அந்தக் கறுப்பு தெரியும். ஒரு வருடம் முதலாண்டு மாணவி ஒருத்தி, "மேடம், மருதாணியா?" என்று கேட்டாள். "இல்லம்மா, முந்திரி" என்று சொல்லிவிட்டு அவர் பாடத்தைத் தொடர்ந்தார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டிலும் முந்திரிதான், யாரும் சிரிக்கவில்லை.

ஒரு துறையில் நான்கு நிரந்தர இடம் காலி என்றால், நான்கு கௌரவ விரிவுரையாளரை வைத்து வகுப்பு நடந்துவிடுகிறது. நடந்துவிடுவதால் இடத்தை நிரப்பும் அவசரம் யாருக்கும் வருவதில்லை. வேலை இருக்கிறது, வேலையைச் செய்ய ஆளும் இருக்கிறார், அந்த ஆளுக்குப் பதவி மட்டும் இல்லை. முனைவர்களின் வேலையின்மை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்குப் போனால் நிலைமை வேறா என்று கேட்பார்கள். ஓரளவு வேறு. அங்கே தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி, காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு மையம் என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, ஆனால் அது சின்ன ஊர், இடங்களும் சொற்பம். தனித் தேர்வாணையம் கிடையாது, உயர்நிலைப் பணியிடங்கள் டெல்லியில் இருக்கும் யுபிஎஸ்சி வழியாகப் போக வேண்டும். காலாப்பட்டில் 1985இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் வந்தால் நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பம் குவியும். புதுச்சேரியின் பலம் ஆய்வு நிறுவனங்கள். உங்கள் மகளுக்கு இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். இந்திரா நகரில் 1975இலிருந்து இயங்கும் கொசு போன்ற நோய்பரப்பிகளைக் கட்டுப்படுத்துவதற்கான மத்திய ஆய்வு மையம் இருக்கிறது, வெக்டர் கன்ட்ரோல் என்றால் ஆட்டோக்காரர்களுக்கே தெரியும். கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து ஒன்றை உருவாக்கியவர்கள் அவர்கள். 2022இல் டெங்கு வைரஸைப் பரப்பும் திறன் குறைந்த கொசுக்களையும் உருவாக்கினார்கள். இதைப் போன்ற இடங்களில் திட்டப் பணிகளுக்கு விலங்கியல் முனைவர்களை எடுப்பார்கள். மத்திய அரசுத் திட்டங்களில் ஆய்வுத் துணைவருக்கு (ரிசர்ச் அசோசியேட்) 2023 முதல் மாதம் 58,000 ரூபாய், வாடகைப் படி தனி. குறை என்னவென்றால் திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் கௌரவ விரிவுரையாளர் பணியில் உறைந்துபோவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன், கை ஆய்வகத்தில் இருக்கும், கட்டுரை வரும்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது, "பிஎச்.டி.யின் தரம் போய்விட்டது, அதனால்தான் வேலை இல்லை" என்று. இதில் பாதி உண்மை. பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடுகிற இதழ்கள் பெருகின, ஆய்வேடு எழுதிக் கொடுக்கிறோம் என்ற விளம்பரங்களை நானே பார்த்திருக்கிறேன். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தபோது, தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவரும் வந்தார். அதைப் பார்த்து வயிறு எரிந்தது. ஆனால் காரணம் அதுதான் என்று சொல்வது தப்புக் கணக்கு. நாளைக்கே எல்லா ஆய்வேடும் தங்கமாக மாறினாலும் காலியிட அறிவிப்பில் ஒரு எண்கூட கூடப் போவதில்லை. பொறியியல் பக்கம் 2024இல் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. காகிதத்தில் ஆசிரியர் இருக்கிறார், வகுப்பில் இல்லை. அந்த ஒவ்வொரு போலி வரிக்குப் பின்னாலும் ஒரு முனைவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை இருக்கிறது. தரத்தைக் கேள்வி கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

என்னிடம் ஆய்வு செய்த ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று சொன்னால் உங்களுக்கு ஒரு படம் கிடைக்கும். ஆறு பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது, இருந்தாலும் முகம் தெரிந்த கணக்கு. ஒருவர் 2013 அறிவிப்பில் தேர்வாகி இன்று நிரந்தரப் பேராசிரியர். ஒருவர் கொரியாவுக்கு மேலாய்வுக்குப் போனவர், அங்கேயே இருக்கிறார். முந்திரிப் பெண்ணும் இன்னொருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். ஒருவர் ஆய்வை விட்டுவிட்டு அப்பாவின் உரக்கடையைப் பார்த்துக்கொள்கிறார், விவசாயிகளுக்குப் பூச்சியைப் பார்த்துச் சரியான மருந்தைச் சொல்கிறவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் என்பார்கள். ஆறாமவர் கதைதான் உங்கள் மகளுக்கு உபயோகமானது. பட்டம் வாங்கி மூன்று வருடம் எங்கள் கல்லூரியிலேயே கௌரவ விரிவுரையாளராக இருந்தார். பிறகு மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் ஆய்வகத்துக்குப் போனார். 2009இல் வனாமி இறாலை வளர்க்க அனுமதி கொடுத்த பிறகு அந்தக் கடற்கரையில் பொரிப்பகங்கள் பெருகின. குஞ்சுகளை விற்பதற்கு முன் வெள்ளைப் புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும். அதைச் செய்யக் கை பழகியவர் வேண்டும். அவருக்கு அது கை வந்த வேலை. முதலில் எம்.எஸ்சி. படித்தவருக்குரிய சம்பளம்தான் கொடுத்தார்கள், "பிஎச்.டி. என்றால் சீக்கிரம் போய்விடுவீர்கள்" என்று தயங்கினார்களாம். இன்று அந்த ஆய்வகமே அவர் பொறுப்பில். நேரில் பார்த்தபோது, "சார், வகுப்பெடுக்காமல் இருப்பதுதான் குறை, மற்றபடி நிம்மதி" என்றார். சீர்காழியில் தலைமையகம் உள்ள ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தின் திட்டங்கள் என்று நம் கடற்கரையில் விலங்கியல்காரருக்குப் பொருந்துகிற இடங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் அதிகம் என்று சொல்லி ஆசை காட்ட மாட்டேன். நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே குறைவு, அதனால் சொல்கிறேன். அதில் எங்களைப் போன்ற நெறியாளர்களின் தப்பும் உண்டு. எங்களுக்குத் தெரிந்தது கல்லூரி ஒன்றுதான், அதையே காட்டி வளர்த்தோம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. ஐயா, நீங்கள் செய்தது தப்பில்லை. உங்கள் மகள் செய்ததும் தப்பில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, மேலே சொன்ன வருடங்களை வைத்துச் சொல்கிறேன். அவர் ஆய்வில் சேர்ந்த அன்று இருந்த விதிகளைப் பார்த்தால் அது நியாயமான முடிவு. பிறகு விதி மாறியதும், அறிவிப்பு ரத்தானதும், தேர்வு தள்ளிப்போனதும் அவர் கையில் இல்லை. ஆனால் இதே கேள்வியை இன்று எம்.எஸ்சி. முடித்த பிள்ளையின் தகப்பனார் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும். முதலில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையை வாங்கட்டும், மாதம் 37,000 ரூபாய் வருகிறது, அது இல்லாமல் கைக்காசு போட்டு ஆய்வில் சேர வேண்டாம் என்பேன். நல்ல ஆய்வகம், வெளியே மதிப்பு உள்ள நெறியாளர் அமைந்தால் மட்டும் சேரட்டும் என்பேன். வேலைக்காக மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம் என்பேன்.

உங்கள் மகள் ஏற்கெனவே அந்த ஆற்றைக் கடந்துவிட்டார். அவர் இப்போது செய்ய வேண்டியது, காத்திருப்பதற்கு ஒரு கெடு வைப்பது. அடுத்த எழுத்துத் தேர்வை முழு மூச்சாக எழுதட்டும், அதற்கு அடுத்ததையும் எழுதட்டும். அதற்கு மேல் வாழ்க்கையை அந்த ஒரு வாசலில் நிறுத்தி வைக்க வேண்டாம். கெடுவை அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் நாள் குறிக்காதீர்கள். பக்கத்திலேயே திட்டப் பணிகளுக்கும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கட்டும். பள்ளிப் பக்கம் போக மனம் இருந்தால் முனைவர் பட்டம் மட்டும் போதாது, முதுகலை ஆசிரியர் பணிக்கு பி.எட். வேண்டும். அதைத் தெரியாமல் கடைசி நேரத்தில் ஏமாந்தவர்கள் உண்டு. அப்புறம் வரன் விஷயத்தில், பெண் பிஎச்.டி. என்றால் மாப்பிள்ளை அதற்கு மேல் வேண்டும் என்று சொந்தக்காரர்கள் இழுப்பார்கள். அந்தப் பேச்சை வேலைப் பேச்சோடு சேர்த்துக் குழப்ப விடாதீர்கள். "டாக்டரம்மாவுக்கு எப்போ வேலை?" என்று யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால், மகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள், அவள் தினமும் காலேஜில் பாடம் நடத்துகிறாள் என்று.

கடைசியாக ஒரு காரியம், இதை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அவருடைய பட்டம் மானியக்குழு விதிமுறைப்படி வழங்கப்பட்டது என்பதற்கான சான்றிதழைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் நான் பார்த்தவரை, நல்ல பிள்ளைகள் தடுக்கி விழுந்தது இந்த ஒரு தாளில்தான். பிறகு அனுபவச் சான்றிதழ். வேலை செய்த ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்க வேண்டும், தனியார் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் மேலொப்பமும் வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு போனால் அந்த அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது, கையெழுத்துக்குப் பல நாள் அலைய வேண்டும். கூட்டமில்லாத இப்போதே போய்விடலாம். முடிந்தால் அன்றைக்குக் கடைக்கு லீவு விட்டுவிட்டு நீங்களும் அவரோடு போய்வாருங்கள்.